செல்வி அக்கா கம்ப்யூட்டர்ல நான் போட்ட லினக்ஸ்

இன்னிக்கு ஜெராக்ஸ் எடுக்க கள்ளக்குறிச்சில செல்வி அக்கா கடைக்குப் போனேன். திங்கக்கெழமை, கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கிற நாள். மனு டைப் பண்ண எப்பவும் கூட்டம் நிக்கும். இன்னிக்கு ஒரே ஒருத்தர்தான். கல்வராயன் மலையிலேர்ந்து, ஊருக்கு ரோடு கேட்டு வந்தவரு.

அவருக்கு அக்கா கையால எழுதிக்கினு இருந்தாங்க. பக்கத்துல கம்ப்யூட்டர் சும்மா கெடக்குது.

"இன்னாக்கா, ரிப்பேரா?"

"இல்லப்பா, நல்லாதான் ஓடுது."

போன மாசம் நான்தான் அதுல விண்டோஸை அழிச்சிட்டு லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டத்தைப் போட்டேன். பிரவுசரையும் எனக்குப் புடிச்சதா மாத்தினேன். அவங்க போடச் சொல்லிக் கேக்கவே இல்ல.

எழுதி முடிச்சிட்டு மெதுவா சொன்னாங்க: "நான் டைப் பண்ற பழைய தமிழ் சாஃப்ட்வேர் இதுல வர்லப்பா. புதுசுல எந்த எழுத்து எங்க இருக்குன்னு என் வெரலுக்குத் தெரில."

அவங்க டைப் பண்ணி வெச்சிருந்த பழைய மனு ஒண்ணைத் தொறந்து பாத்தேன். அந்த ஃபான்ட் இல்லாததால பக்கம் முழுக்க அர்த்தமில்லாத இங்கிலீஷ் எழுத்து.

"ஏங்க்கா எனக்கு ஒரு போன் பண்ணல?"

"நீ அவ்ளோ ஆசையா போட்டுக் குடுத்த. எப்புடிச் சொல்றது?"

மலைக்காரர் மனுவை மடிச்சிக்கினே என்னைக் கேட்டாரு: "கையால எழுதினா வாங்குவாங்களாங்க?"

வாங்குவாங்கன்னேன். அவரு மூஞ்சியப் பாத்து சொல்ல முடியல.

இந்தப் பக்கத்துல கமென்ட் போட்ட விண்டோஸ்காரங்க ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சண்டை போட்டவன் நான். இப்ப ஒரு உதவி. விண்டோஸ் போடற பென்டிரைவ் யார்கிட்டயாவது இருக்கா? திட்டிட்டே குடுங்க, வாங்கிக்கிறேன்.