கடன் தீராத கூரை

பெங்களூரில் ஒருவனுக்குக் கடன் கிடைத்தால் அவன் அக்கம்பக்கத்துக்கு இனிப்பு கொடுக்க வேண்டும். ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்களுக்கு நம்பச் சிரமமாக இருக்கும். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊரில், கடன் வாங்கிய வீட்டில் சில நாட்களுக்குப் பேச்சே இருக்காது. இங்கே, ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், தொழிற்சாலைக் கூட்டுறவுச் சங்கம் எனக்கு வீட்டுக் கடன் கொடுத்த செய்தி நான் சைக்கிளை விட்டு இறங்குவதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அடுத்த வீட்டுப் புட்டம்மா என்னை வழிமறித்து, "லோன் ஆய்தந்தே, ஸ்வீட் எல்லி?" என்றார். கடன் கிடைத்துவிட்டதாமே, இனிப்பு எங்கே என்று அதிகாரமாகக் கேட்டார். என் மனைவி குப்பு கடைக்கு ஓடி மைசூர் பாகு வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுத்தாள். கடைசியில் என் தகப்பனாரிடம் ஒரு துண்டை நீட்டினாள். "இன்னாத்துக்கு?" என்று கேட்டார். "சங்கத்துல கடன் குடுத்துக்கிறாங்க மாமா. வூடு கட்டப் போறோம்" என்றாள். அவர் கையை நீட்டவில்லை. எழுந்து தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

அவருக்குத் தெரிந்த கடன் ஒன்றே ஒன்று. தன் கல்யாணத்துக்காகப் பண்ணைக்காரரிடம் முப்பத்தைந்து ரூபாய் வாங்கினார். அதற்கு ஈடாக அவருடைய நிலத்தில் படியாளாகச் சேர்ந்தார். ஆண்டுக்கு இவ்வளவு கேழ்வரகு, வருடத்துக்கு ஒரு வேட்டி என்பது பேச்சு. கடன் கழியவில்லை. காய்ச்சலில் படுத்த நாட்களும், மழையில் வேலை இல்லாத நாட்களும் அதன் மேல் ஏறின. இருபத்து நான்கு வருடம் அவர் வேறு யாருடைய நிலத்திலும் கால் வைக்கவில்லை. மாமன் செத்ததற்குக்கூடக் கேட்டுக்கொண்டுதான் போனார். நான் யுத்த காலத்தில் பெங்களூருக்கு ஓடிவந்து, தொழிற்சாலைக் கட்டடத்துக்குச் செங்கல் சுமந்து, பிறகு அதே தொழிற்சாலைக்குள் எடுபிடியாக நுழைந்து கடைசல் பிடிக்கக் கற்றேன். சுதந்திரம் வந்த மறு வருடம் கையில் நூற்றிருபது ரூபாயுடன் ஊருக்குப் போய்ப் பண்ணைக்காரர் முன்னால் வைத்தேன். வாங்கிக்கொண்டார். அப்பா எழுதிக் கொடுத்த காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். "காயிதமா? அதெல்லாம் ஏதுடா. வாய்ப் பேச்சுதான்" என்றார். இருபத்து நான்கு வருடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இருந்ததில்லை. அப்பா என் பின்னால் ரயிலடி வரை நடந்து வந்து, என்னோடு பெங்களூருக்கு ரயில் ஏறினார்.

அதனால்தான் அன்று மாலை அவரை உட்கார வைத்து விளக்கினேன். இது அந்தக் கடன் இல்லை, எல்லாவற்றுக்கும் அச்சடித்த காகிதம் இருக்கிறது, ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று சொன்னேன்.

"எத்தினி வருசம்?"

"பன்னெண்டு வருசம் நைனா. நாம போய்க் கட்ட வேணாம். மாசா மாசம் சம்பளத்துல அவங்களே புடிச்சிக்குவாங்க."

"உன் கைக்கு வர்றதுக்கு முன்னாலயேவா?"

"ஆமா."

"நடுவுல வேலைய உட்டுட்டு வேற எங்கனா போவணும்னா?"

"மிச்சத்த மொத்தமா கட்டிட்டுப் போலாம்."

"பண்ணக்காரரும் அதத்தான் சொன்னாரு" என்றார் அப்பா.

எனக்குக் கோபம் வந்தது. அவருக்கு நல்லது சொல்லிப் புரியவைக்க முடியாது என்று குப்புவிடம் சத்தமாகச் சொன்னேன், அவர் காதில் விழட்டும் என்றே.

மூன்றாம் நாள் காலை பத்து மணி இருக்கும். நான் இயந்திரத்தில் நின்றுகொண்டிருந்தபோது பியூன் வந்து சங்க அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். அங்கே அப்பா நின்றுகொண்டிருந்தார். ஆஸ்டின் டவுனிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். மேல்துண்டை இடுப்பில் கட்டி, முதலாளி முன் நிற்பதுபோல் குனிந்து நின்றார். குமாஸ்தா மைசூர்ப் பக்கத்துக்காரர், தமிழ் தெரியாது. அப்பாவுக்குக் கன்னடத்தில் நான்கு சொல் தெரியும். "ஆளு சார், ஆளு நானு" என்று தன் நெஞ்சைத் தொட்டுத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மகனை விட்டுவிடுங்கள், கடனுக்கு ஈடாக என்னை ஆளாக வைத்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அந்தச் சொல் கன்னடத்திலும் அதே சொல்தான், ஆனால் குமாஸ்தாவுக்கு அது வேறாகக் கேட்டது. "ஆளு பேடா அஜ்ஜா, கெலசா இல்லா" என்று பொறுமையாகவே பதில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆள் வேண்டாம், வேலை காலி இல்லை. என்னைப் பார்த்ததும், "நிம்ம தந்தெகெ கெலசா பேக்கந்தே" என்றார். உங்கள் அப்பாவுக்கு வேலை வேண்டுமாம். இரண்டு பியூன்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். "ஹௌது சார்" என்றேன். ஆமாம் சார், வயசாகிவிட்டது, சொன்னால் கேட்பதில்லை என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

சாயங்காலம் சங்கு ஊதும் வரை அவர் வாயிலில் காத்திருந்தார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன், அவர் இரண்டடி பின்னால் வந்தார். அல்சூர் ஏரிக்கரைக்கு வந்தோம். அங்கே நான் பேசிய பேச்சு இன்றும் என் வாயில் கசக்கிறது.

"என் மானத்த வாங்கிட்டியே. நீ ஆளா இருந்தே, அடி வாங்கினே, வாய மூடிக்கினு இருந்தே. நான் அது இல்ல. நான் தொழிலாளி. புடிக்கலன்னா நாளைக்கே வெளிய வந்து நிப்பேன்."

"நிப்பியா?" என்று கேட்டார். கிண்டலாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நிப்பேன்."

ஐந்து மாதம் கழித்து அந்த நாள் வந்தது. என் பக்கத்து இயந்திரக்காரர் யூசுப் பாய். எனக்கு அளவுக் கருவியைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர். தகடு அழுத்தும் இயந்திரத்தில் ஆள் குறைவென்று அவரை அங்கே மாற்றினார்கள். இரண்டாம் வாரம் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அவருடைய கவனக்குறைவு என்று எழுதி வேலையிலிருந்து நீக்கினார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் வேலை நிறுத்தம் என்றார்கள். வீட்டுக் கடன் வாங்கியவர்கள் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் தனியாகக் கூடிப் பேசினோம். வேலை போனால் மிச்சத்தை மொத்தமாகக் கேட்பார்கள். சுவர் அப்போதுதான் இடுப்பளவு எழுந்திருந்தது. மறுநாள் காலை வாயிலில் கூட்டம் நின்றது. தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளைத் தள்ளினேன். யாரோ என் கைப்பிடியைப் பிடித்தார்கள். கட்டுப் போட்ட கையுடன் முன்னால் நின்ற யூசுப் பாய் அவர்களை விலக்கினார். "உடுங்கப்பா. அவனுக்கு லோன் இக்குது. நீ போ மணி" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று அத்தனை பெரிய கூடத்தில் ஏழெட்டு இயந்திரங்கள்தான் ஓடின. என்னுடைய இயந்திரத்தின் சத்தம் எனக்கே தனியாகக் கேட்டது.

வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்தேன். அப்பாவுக்குச் செய்தி தெரிந்திருந்தது. சொல்லிக் காட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். நான் கை கழுவி வந்ததும் அவரே பேசினார்.

"எங்கூட சின்னாண்டின்னு ஒருத்தன் ஏர் ஓட்டுவான். மாடு கால் ஒடிஞ்சிடுச்சின்னு அவன பண்ணக்காரரு மரத்துல கட்டி அடிச்சாரு. நான் பத்தடியில இருந்தேன். மாட்ட நிறுத்தல. அந்தச் சாலு முடிக்கிற வரைக்கும் ஓட்டிக்கினேதான் இருந்தேன். அவன் ஒண்ணும் கேக்கல. நான்தான் அவன் மூஞ்சியப் பாக்க முடியாம இருந்தேன்" என்றார்.

அதுவரை நான் அறிந்திராத விஷயம் அது. அம்மா உயிரோடு இருந்தபோது அவளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அறிவுரை எதுவும் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் நான் உள்ளே போகவில்லை. யூசுப் பாய் நகர்ந்து எனக்கு இடம் விட்டார், அவ்வளவுதான். ஒன்பது நாள் வெளியே நின்றோம். பிறகு அவரைச் சாமான் அறையில் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஒன்பது நாள் கூலி போனது போனதுதான். கூட்டுறவுச் சங்கத்திலிருந்து தவணை குறைகிறது என்று எச்சரிக்கைக் கடிதம் வந்தபோது, அப்பா என்னிடம் ரூபாயைக் கொடுத்தார். மரமண்டியில் சுமை தூக்கப் போயிருக்கிறார். நான் வாயிலில் நின்ற நாட்களில் அவர் எங்கே போகிறார் என்று நான் கேட்கவே இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவரின் தோளில் தோல் உரிந்திருந்தது.

வீடு எழுந்தது. ஊருக்கு வெளியே, ராகி வயலை மட்டம் செய்து போட்ட மனையில் இரண்டு அறை, சீமை ஓடு. சாமான்களை ஏற்றிய அன்று அப்பா தன் பாயையும் ஒரு தட்டையும் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். "நான் இங்கியே இக்கிறேன். வாடக வூடுன்னா, வேணாம்னு தோணினா காலையில கெளம்பிடலாம். அந்தக் கடன் தீரட்டும், அப்பறம் வர்றேன்" என்றார். குப்பு அழுதாள். நான் கெஞ்சினேன், கத்தினேன். அவர் மாறவில்லை. ஒரு அறையை மட்டும் வைத்துக்கொண்டு, மரமண்டிக் கூலியில் வாடகை கொடுத்து, இன்றுவரை அங்கேதான் இருக்கிறார்.

பத்து வருடம் ஆகிறது. என் மகள் வேலைக்குப் போகிறாள். முதல் மாதச் சம்பளம் வாங்கியதுமே தவணையில் ரேடியோ எடுத்து வந்தாள். எத்தனை மாதம் என்று கேட்டேன். "பதினெட்டு. அதுக்குள்ள அடைச்சிடுவேன், நீ ஏம்பா முழிக்கிறே?" என்று சிரித்துக்கொண்டே கன்னடப் பாட்டு வைத்தாள். அவள் பயப்படவில்லை. பயப்படச் சொல்லிக்கொடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போகிறேன். சாப்பிட்டு முடித்ததும் அவருடைய பாயில், அந்த வாடகை அறையின் சிமெண்டுத் தரையில், படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுகிறேன். சொந்த வீட்டில், கட்டிலில், பத்து வருடத்தில் ஒரு நாளும் எனக்கு அப்படித் தூக்கம் வந்ததில்லை. ஐந்து மணிக்கு அப்பா என் காலைத் தொட்டு எழுப்புவார். "எழுந்துரு மணி, உன் வூட்டுக்குப் போ" என்பார். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, போகத்தான் வேண்டுமா என்று ஒரு கணம் நின்றுவிட்டு, சைக்கிளை எடுக்கிறேன்.