ஒரே பெட்டிக்குள் இரண்டு

நான்கு வருடங்களுக்கு முன், பாளையங்கோட்டையில் ஒரு தனியார் மருத்துவமனை. அதன் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. நோயாளிகளின் ரத்த விவரம் முழுவதும் ஒரு கிழட்டு சர்வரில் கிடந்தது. அதை ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டு, பெரிய சர்வர் ஒன்று வாங்கி, அதற்குள்ளேயே பல கணினிகள் ஓடுவதுபோல் பிரித்துக்கொள்ளலாமா என்று பேச்சு. வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். எனக்கு அதில் ஒரு மயக்கமே இருந்தது. இரும்பில்லாத கணினி! நினைத்தால் பிறக்கும், நினைத்தால் மறையும்.

கூட்டத்தில் படம் போட்டு விளக்கினேன். ஒன்றில் தரவுத்தளம், அது விழுந்தால் தாங்க, இன்னொன்றில் அதன் நகல்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் கையைத் தூக்கினார். உவரி என்ற கடலோர ஊரிலிருந்து வந்தவர் என்பதால் எங்களுக்கு அவர் உவரிக்காரம்மா.

“ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ளயா சார் கிடக்கும்? எங்க ஊர்ல அண்ணனும் தம்பியும் ஒரே வள்ளத்துல கடலுக்குப் போவ மாட்டாவ.”

“இது வள்ளம் இல்லம்மா” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

“முங்கினா எல்லாம் ஒண்ணுதான சார்?”

இப்போது சிரிப்பு என் பக்கம் திரும்பியது. நிர்வாகி, “என்னவே, அந்தம்மா கேக்குததுக்குப் பதில் சொல்லும்” என்றார்.

முகம் கொதித்தது. பெரிய சர்வரை வாங்கினோம். நகலை மட்டும் கிழட்டு சர்வரிலேயே விட்டுவைத்தேன். அந்தம்மா சொன்னதை நம்பி அல்ல. ஒரு வருடம் அது சும்மா கிடக்கட்டும், அதைக் காட்டியே அந்தம்மா வாயை அடைக்கலாம் என்றுதான்.

மூன்றாம் மாதம், ஒரு முற்பகலில், புதுப் பெட்டியின் உள்ளே எல்லாவற்றையும் இணைக்கும் மதர்போர்டு கெட்டுப் போனது. உள்ளே இருந்த அத்தனை கணினிகளும் ஒரே நொடியில் இல்லை. அந்நேரம் பிரசவ அறையில் ஒரு பெண்ணுக்கு நிற்காத ரத்தப்போக்கு. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும். முன்பு இங்கேயே ஏற்றியபோது ஏதோ ஒத்துக்கொள்ளாமல் போனதாம். என்னவென்று அவள் கணவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. நகலைத் திறந்தேன். திரையில் அவள் பெயர் வந்தது. கீழே, எந்த ரத்தம் ஆகாது என்ற பழைய குறிப்பு. அதைப் படித்த கையோடு உவரிக்காரம்மா பொருந்தும் ரத்தம் எடுக்க ஓடினார்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். சாயங்காலம் நிர்வாகி என் தோளைத் தட்டி, “பெரிய முன்யோசனைவே உமக்கு” என்றார். அந்தம்மா பக்கத்தில்தான் நின்றார். அவருக்குச் சேர வேண்டிய பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் பிழைத்தது என் அறிவால் என்று எல்லோரும் நினைக்க, அது என் வீம்பால் என்று நான் மட்டும் அறிந்திருப்பது, இன்றும் எந்தக் கூட்டத்திலும் யார் கேள்வியையும் சிரித்துத் தள்ள என்னை விடுவதில்லை.