கடைசி டிவிஷன் கூப்பிட்டது

எனக்கு அந்த வேலை கிடைத்ததற்குக் காரணம் என் திறமை இல்லை, ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் பயம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் தொடங்கி, அவர்கள் காட்டிலிருந்து வந்து வெள்ளைக்காரத் துரைமார்களைச் சுட்டுவிட்டுப் போகிறார்கள் என்ற செய்தி தோட்டத்துக்குத் தோட்டம் பரவிக்கொண்டிருந்த நேரம். லிங்கி ஆற்றுப் பக்கம் இருந்த எங்கள் தோட்டத்து ஆபீசில் ஒரு டெலிபோன் போர்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள். துரை பங்களா, ரப்பர் ஆலை, போலீஸ் சாவடி, தோட்டத்தின் ஒவ்வொரு டிவிஷன் என்று எல்லா இடத்துக் கம்பியும் அதில்தான் வந்து முடியும். கம்பியை வெட்ட வருகிறவன் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளையும் சேர்த்து வெட்டிவிட்டுத்தான் போவான் என்று பெரிய கிராணி முடிவு கட்டினார். சின்னக் கிராணிகளுக்கும் அன்றைக்கென்று பார்த்து முதுகுவலி வந்துவிட்டது. பால்மரம் சீவும் குடும்பத்துப் பெண்ணான நான் போர்டிக்சன் கான்வென்டில் கொஞ்சம் படித்திருந்தேன். உயிர் போனாலும் பெரிதாக யாரும் கேட்கப்போவதில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள்.

அந்த நாற்காலி எனக்குப் பிடித்துப்போனது. அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். எதிர்முனையில் ஒருவர் கைப்பிடியைச் சுற்றினால், போர்டில் அவருடைய எண்ணுக்கு மேலே இருக்கும் சின்னத் தகடு ‘டக்’ என்று விழும். நான் கம்பியைச் செருகிப் பேசுவேன், வேண்டிய இடத்துக்கு இணைப்பேன். நான் இணைக்காவிட்டால் துரையேகூட யாரோடும் பேச முடியாது. வெயிலில் வாளி தூக்கிய குடும்பத்துப் பெண்ணுக்கு அது சாதாரண விஷயமா?

தினமும் மாலை நான்கு மணிக்கு ஒரு வழக்கம் இருந்தது. முதல் டிவிஷனிலிருந்து வரிசையாக ஒவ்வொருவரும் கூப்பிட்டு, தங்கள் இடத்தில் ஆபத்து எதுவும் இல்லை என்று தெரிவிக்க வேண்டும். பக்கத்தில் துப்பாக்கியோடு யாராவது நின்றால் அதை எப்படிச் சொல்வது? அதற்குப் பெரிய கிராணி ஒரு ரகசிய ஏற்பாடு செய்தார். நான் “சாப்டாச்சா?” என்று கேட்க வேண்டும். “சாப்டாச்சு” என்றால் ஆபத்தில்லை. “இன்னும் இல்லை” என்றால் ஆபத்து.

“ஐயா, நம்ம ஆளுங்க யாரு இன்னும் சாப்புடலன்னு சொல்லுவாங்க? பட்டினி கெடந்தாலும் சாப்டாச்சுன்னுதானே சொல்லுவாங்க” என்றேன்.

“நீ வாய மூடிக்கிட்டு போர்ட பாருலா” என்றார்.

நான் பயந்தது அப்படியே நடந்தது. ஒரு நாள் மூன்றாம் டிவிஷனில் ஆயுதங்களோடு ஆட்கள் புகுந்துவிட்டார்கள். டெலிபோன் பார்த்துக்கொண்டிருந்தவரின் கழுத்தில் கத்தியை வைத்து, வழக்கம்போல் பேசு என்றார்கள். நான் “சாப்டாச்சா?” என்றேன். அவர் “சாப்டாச்சு, நீ சாப்டியாம்மா?” என்றார். அவர்கள் அரிசி மூட்டைகளோடு காட்டுக்குள் போன பிறகு, அந்த மனிதர் மறுபடி கூப்பிட்டு அழுதார். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, “நீ கேட்ட, நான் சொல்லிட்டேன்லா. நாக்கு தானா சொல்லுது” என்றார். பெரிய கிராணி அவரை முட்டாள் என்று திட்டினார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகத் துரையின் அறைக்கே போய்விட்டேன். பெண் ஒருத்தி கூப்பிடாமல் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

என் யோசனை சுலபமானது. நான் இனிமேல் “இன்னிக்கு என்ன கறி?” என்று கேட்பேன். வாயில் தயாராக இருக்கும் பதில் அதற்குக் கிடையாது, யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆபத்து என்றால், ஒவ்வொருவரும் தான் ஒருநாளும் தொடாத ஒரு சாப்பாட்டைச் சொல்ல வேண்டும். அது என்ன என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். துரை பைப்பைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். அன்றையிலிருந்து போர்டும் அதன் ஆட்களும் என் பொறுப்பு. பெரிய கிராணி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதனால் வேலை நன்றாக நடந்தது.

கடைசி டிவிஷன் ஆற்றோரம், காட்டை ஒட்டி இருந்தது. அங்கே டெலிபோன் பார்த்தவர் கூலிகளின் மேஸ்திரி, மண்டோர் என்று கூப்பிடுவார்கள். முருக பக்தர், மாமிசம் தொடாதவர். தன்னுடைய அடையாளச் சொல்லாகக் ‘கோழிக்கறி’ என்று அவர் என்னிடம் கொடுத்தபோது, அதை வாயால் சொன்னதற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பிறகு, காட்டுக்குள் அரிசி போகாமல் இருக்க, அரசாங்க உத்தரவுப்படி கடைசி டிவிஷனைக் காலி செய்து, எல்லாரையும் லாரியில் ஏற்றி எங்கள் லயத்து வீடுகளுக்குப் பக்கத்தில், முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். மறுநாள் காலை மண்டோர், அங்கே கோயிலில் விட்டுவந்த முருகனின் வேலை எடுத்துவருகிறேன் என்று சைக்கிளில் போனார். திரும்பவில்லை. தேடிப்போன ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் சைக்கிளைக் கண்டார்கள். கோயில் சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்திருந்ததாம். வேல் இருந்த இடத்தில் இல்லை.

அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அதிகம் பேசமாட்டார். ஊர்ப் பெரியவர்கள் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, கருமாதி செய்து பொட்டை அழித்துவிட வேண்டியதுதான் என்று பேசத் தொடங்கினார்கள். அக்கா தினமும் காலையில் முன்னைவிடப் பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு தண்ணீர்க் குழாய்க்கு வந்தார்.

அப்படியிருக்கும்போது ஒரு நாள் மாலை, எல்லா டிவிஷனும் பேசி முடித்த பிறகு, கடைசி டிவிஷனின் தகடு விழுந்தது.

ஆள் இல்லாத இடம். டெலிபோனை அவசரத்தில் அங்கேயே விட்டுவந்திருந்தார்கள். நான் கம்பியைச் செருகிக் காதில் வைத்தேன். பேச்சில்லை. ஆனால் அந்தப் பக்கம் லைன் திறந்திருந்தது. ரப்பர் கொட்டை வெடித்துத் தகரக் கூரையில் விழும் சத்தம் கேட்டது. பிறகு, மிக அருகில், யாரோ எச்சில் விழுங்கும் சத்தம். கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

“ஈர மரக்கிள ஏதாச்சும் கம்பில உரசியிருக்கும்” என்றார் பெரிய கிராணி. அப்போது மழை பெய்து பல நாள் ஆகியிருந்தது. அதற்கடுத்த நாட்களிலும் தகடு விழுந்தது. எப்போதும் நான்கு மணி வரிசையில், மற்ற எல்லாரும் பேசி முடித்த பிறகு, தன் முறைக்குக் காத்திருந்துதான் விழுந்தது. மரக்கிளைக்கு முறை தெரியுமா? லயத்தில் சிலர் அது முனி என்றார்கள். விட்டுவிட்டு வந்ததற்குக் கோபமாம். நான் சிரித்தேன், ஆனால் நான்கு மணி நெருங்கினால் ஆபீஸ் கதவை அகலத் திறந்து வைத்துக்கொள்வேன். அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

எப்படியோ செய்தி அக்காவுக்குப் போய்விட்டது. ஒரு மாலை ஆபீசுக்கு வந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். எழுந்து போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வரிசை முடிந்தது. தகடு விழுந்தது.

இந்தத் தடவை குரல் வந்தது. “மண்டோர் பேசுறேன்மா. உயிரோட இருக்கேன். கால்ல அடி. தொரைகிட்ட சொல்லி லாரி அனுப்பச் சொல்லு. இங்க யாரும் இல்ல.”

அவர் குரல்தான். ஆனால் பள்ளிப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி இருந்தது. அக்கா என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

நான் கேட்டேன். “அண்ணே, இன்னிக்கு என்ன கறி?”

கொட்டை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

“கோழிக்கறி” என்றார். அந்த ஒரு சொல்லில்தான் அவருடைய சொந்தக் குரல் இருந்தது. பிறகு இணைப்பு போய்விட்டது.

குரல் வந்த செய்தி பரவி, லாரியில் போகத் துரையே தயாராக நின்றார், கூட டிரைவரும் கூலியாட்களும். நான் குறுக்கே போய்ப் போகவேண்டாம் என்றேன். ஏன் என்று விளக்கினேன். பெரிய கிராணி, “ஆளு உயிரோட கூப்புடுறான், இவ கறி பேசுறா” என்றார். அக்கா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“அனுப்பச் சொல்லு. அவரு கொரல் கேட்டுச்சில்ல? அனுப்பச் சொல்லு தங்கச்சி.”

“அக்கா, அவரே வேணாம்னு சொல்லிட்டாரு.”

“என்ன சொன்னாரு?”

சொன்னேன். என் கையை விட்டுவிட்டார். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

லாரி போகவில்லை. விடிந்த பிறகு பட்டாளம் ஆற்று வழியாகச் சுற்றிப் போனது. பாதையின் இரு பக்கமும் லாலாங் புல் நசுங்கிக் கிடந்தது. பலர் நாள்கணக்கில் படுத்துக் காத்திருந்த தடம். லாரி போயிருந்தால் யாரும் திரும்பியிருக்க மாட்டார்கள். டெலிபோன் இருந்த அறை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்ததாம். மண்டோர் இல்லை. இரத்தமும் இல்லை. பட்டாளத்தார் கம்பியை வெட்டிச் சுருட்டி, டெலிபோனைத் தூக்கிவந்து எங்கள் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

அதன் பிறகு ஒரு மாலை, வரிசை முடிந்ததும், கடைசி டிவிஷனின் தகடு விழுந்தது.

பெரிய கிராணியும் பார்த்தார். அலமாரியைத் திரும்பிப் பார்த்தார். பூட்டு பூட்டியபடி இருந்தது. சட்டைப் பையிலிருந்து திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் கம்பியைச் செருகினேன். வழக்கமான இரைச்சல்கூட இல்லை, அப்படியொரு அமைதி. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன். பதில் வரவில்லை. போர்டைத் திருத்தும் ஆள் சிரம்பானிலிருந்து வந்து பார்த்துவிட்டு, தகட்டில் பழுது எதுவும் இல்லை என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் கோயில் முன்னால் கூடி, அக்காவை நிறுத்தி வைத்தார்கள். கருமாதிச் சாமான்கள் தயாராக இருந்தன. போர்டு பார்க்கிறவள் என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

“பட்டாளம் போயி வந்தப்புறம் அந்த லைனு கூப்புட்டுச்சா?”

அக்கா என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொன்னால் அன்றைக்கே பொட்டு அழியும், அழுது தீர்த்துவிட்டு வேறு வாழ்க்கைக்குப் போகலாம். வயது முப்பதுகூட இல்லை. ஆமாம் என்றால் ஆயுசு முழுக்கக் காத்திருப்பார் என்றும் தெரியும். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்வது ஒன்றுதான் என் வேலை.

“விழுந்துச்சு” என்றேன்.

“யாரு பேசுனா?”

“யாரும் பேசல.”

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அக்கா, “விழுந்துச்சுல்ல, போதும்” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார். யாரும் தடுக்கவில்லை.

துரை எழுதிக் கொடுத்த சிபாரிசில் பக்கத்துத் தோட்டங்களின் போர்டுகளும் என் கைக்கு வந்தன. பின்னால் போர்டிக்சன் நகர எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, வரிசையாக உட்கார்ந்த பெண்களுக்குத் தலைவியானேன். வேலை கற்றுக்கொள்ள வந்தவர்களிடம் கேட்டதைச் சொல்லு, கேட்காததைச் சேர்க்காதே என்பேன். கண்டிப்பானவள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். அது உண்மைதான்.

அக்கா பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். சாப்பிடுவோம், சி ரூசா கடற்கரையில் கொஞ்சம் நடப்போம். லைனைப் பற்றி அவர் ஒருநாளும் கேட்டதில்லை. பெண் கேட்டு வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினார் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

முடி முழுக்க வெளுத்த பிறகு, தோட்டத்திலேயே அக்கா இறந்தார். நான் போயிருந்தேன். பொட்டோடு எடுத்துப்போவதா, இல்லாமலா என்று பெண்களுக்குள் தயக்கம். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் மஞ்சளைக் குழைத்து அவர் முகத்தில் பூசினேன். புதுச் சேலை போர்த்தி, தலையில் பூ வைத்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் வைத்தேன். சுமங்கலியாகவே அவரை எடுத்துப்போனார்கள்.