கிளி விரட்டிய தட்டுகள்

அக்கராயன் பக்கம் போகும் வீதியில் இரண்டு மைல் நடந்த பிறகுதான் என் செருப்பின் வார் அறுந்திருப்பதைக் கவனித்தேன். கோபத்தில் நடக்கிறவனுக்குக் கால் தெரிவதில்லை. முதுகில் ஓர் உரப்பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு, ஒரு கோயில் திருவிழா டிவிடி, துவாயில் சுற்றிய பழைய லப்டொப். கிளிநொச்சியில் ஏழு மாதம் வேலை செய்த வீடியோக் கடையை விட்டு அன்று காலை பத்து மணிக்கு வெளியேறியிருந்தேன். முதலாளி வாசலில் நின்று கத்தியது இன்னும் காதில் இருந்தது. "போடா, போ! ஏழாம் வகுப்புக்கு இந்தக் கதிரையே பெரிசு."

ஏழாம் வகுப்பு என்பது உண்மை. அதற்குப் பிறகு நெளுக்குளத்தில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். உடையார்கட்டில் தென்னந்தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்தேன். ஒரு போன் திருத்தும் கடையில் தரை கூட்டிக்கொண்டே அந்த வேலையைப் பார்த்துப் படித்தேன். எங்கும் ஒரு வருடம் தங்கியதில்லை. இந்தக் கடையில் இரவில் அட்டைப்பெட்டிகளை விரித்து அதிலேயே படுத்தேன். அது குறையாகத் தெரியவில்லை. மின்விசிறி இருந்தது.

கடையின் பெயர்ப்பலகையில் 'பழைய கசெற், டிவிடி எல்லாம் தரம் குறையாமல் உங்கள் போனில்' என்று பெரிதாக எழுதியிருந்தது. தரம் குறையாமல்! உள்ளே நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். செய்தவனே நான்தான். நாலு ஜிபி டிவிடியை முந்நூறு எம்பிக்கு நசுக்குவோம். போனின் சின்னத் திரையில் வித்தியாசம் தெரியாது. தொலைக்காட்சியில் போட்டால் முகங்கள் சதுரம் சதுரமாக உடையும். எவராவது வந்து கேட்டால், "பழைய தட்டு, அப்பிடித்தான் வரும்" என்று சொல்லச் சொல்லியிருந்தார் முதலாளி. நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதத்துக்கு முன் ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு பெண், தான் பெரியபிள்ளையானபோது நடந்த சாமத்திய வீட்டு டிவிடியைக் கொண்டுவந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும், இடுப்பில் கைக்குழந்தை. "அம்மா மோசம் போய் ரெண்டு வருசம் அண்ணா. அவா கதைக்கிறது இதில மட்டும்தான் இருக்கு. கவனமா எடுத்துத் தாங்கோ," என்றாள்.

நான் அதைக் கணினியில் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். படத்தின் நடுப்பகுதியில் அந்த அம்மா வந்தார். ஒல்லியான மனுசி, மஞ்சள் சேலை, கையில் சோற்றுத் தட்டு. கமராவைப் பார்த்து நேரே பேசினார். மலையகத்துப் பேச்சு. அறுபது வருடத்துக்கு மேல் வன்னியில் வேர்விட்ட குடும்பங்களிலும் பெரியவர்களின் வாயில் அந்தப் பேச்சு அப்படியே இருக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் எங்களைப் போலக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள்.

முதலாளி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ஹெட்போனை ஒரு பக்கம் இழுத்து, தானும் கேட்டார். சிரித்தார்.

"உந்தத் தோட்டக்காட்டுக் கதையை ஆர் கேக்கப் போயினம்? நல்ல பாட்டொண்டைப் போட்டு மூடு. சனத்துக்கு அதுதான் விருப்பம்."

தோட்டக்காடு என்று மலையகத்தவரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லை எத்தனை கடைகளில், எத்தனை பஸ்களில் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறேன். அன்றும் பேசாமல் இருந்தேன். ஒலியை முழுவதும் அழித்தேன். படம் முடியும் வரைக்கும் சினிமாப் பாட்டுகளை வரிசையாகப் போட்டேன். நசுக்கினேன். போனில் ஏற்றினேன். இவ்வளவையும் செய்துவிட்டு, பெரிய வைத்தியர் மாதிரி அவளிடம் சொன்னேன்: "இனி இந்தத் தட்டு தேவையில்லை, தங்கச்சி. எறிஞ்சாலும் பரவாயில்லை."

நான் கடையை விட்ட அன்று காலை அவள் திரும்ப வந்தாள். கடை திறந்து கால்மணி நேரம் ஆகியிருக்காது.

"அம்மாட வாய் அசையுது. பாட்டெல்லோ போகுது. அம்மாட குரல் எங்க?"

"பழைய தட்டு, தங்கச்சி," என்றார் முதலாளி. "உதுகளில சத்தம் செத்துப்போயிருக்கும். சும்மா விடாமல் நாங்கள் பாட்டுப் போட்டுத் தந்திருக்கிறம். சந்தோசப்படுங்கோ."

"சத்தம் இருந்தது. நான் வீட்டில கேட்டனான்."

"அப்ப அந்தத் தட்டைக் கொண்டு வாங்கோவன், பாப்பம்."

அவள் என்னைப் பார்த்தாள். "இந்த அண்ணைதானே எறியச் சொன்னவர். அப்பா அதைக் கிளி விரட்ட வயலில கட்டிட்டார். இருவது நாளாகுது."

பிறகு குரலைத் தாழ்த்தி, எங்களுக்குச் சொல்லாதது போலச் சொன்னாள். "எனக்கு அம்மாட குரல் மறந்து போச்சு. முகம் தெரியுது. குரல் வருகுதில்லை."

அவள் போன பிறகு முதலாளி தேத்தண்ணி சொல்லி அனுப்பினார். ஒன்றுமே நடக்காத மாதிரி! எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் குரலைக் கடைசியாகக் கேட்டது நானும் இந்த மனுசனும். மகள் மறந்துவிட்டாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதைவிட அநியாயம் இருக்குமா? தேத்தண்ணி வருவதற்குள் நான் பையைக் கட்டிவிட்டேன்.

பஸ் இருந்தது. அதில் ஏறி உட்காரப் பொறுமை இல்லை. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பாதித் தூரத்தில் ஒரு லாண்ட்மாஸ்டர்காரர் நிறுத்தி, தன் கை உழவு இயந்திரத்தின் பெட்டியில் உரமூட்டைகளுக்கு மேலே ஏற்றிக்கொண்டார். ஸ்கந்தபுரத்தில் இறங்கி, கிளிக்குத் தட்டுக் கட்டியிருக்கிறவரின் வயலை விசாரித்தேன். ஒரு கிழவர் கையை நீட்டினார். "அந்தா, சீடி மினுங்குற வயல்."

மினுங்கத்தான் செய்தது. சிறுபோக நெல் பால் பிடித்து நின்றது. நாலு பக்கமும் கம்பு நட்டு, நைலோன் கயிறு கட்டி, அதில் வரிசையாகத் தட்டுகள். கிட்டப் போய் எண்ணினேன், முப்பத்தொன்று. சிலவற்றில் கடையின் ஒட்டுத்தாள் அரைகுறையாக உரிந்து தொங்கியது. ஒட்டுத்தாள்களில் கலியாணம், வீடு குடிபூரல், செத்த வீடு. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் பார்க்கட்டும் என்று கமரா ஒவ்வொரு முகமாக நின்று நின்று எடுத்த செத்த வீடுகள். அயலட்டை முழுவதும் எங்கள் கடைக்கு வந்திருக்கிறது, பிறகு தட்டுகளை இந்த வயலுக்குக் கொடுத்திருக்கிறது. எல்லோரிடமும் ஒரே வசனத்தைத்தான் சொல்லியிருக்கிறேன். இப்போது அவையெல்லாம் வெயிலில் சுழன்று என் கண்ணில் அடித்தன.

வரம்பில் அந்தப் பெண்ணின் தகப்பன் நின்றார். தலையில் துவாய், கையில் மண்வெட்டி. கடையிலிருந்து வருகிறேன் என்று சொன்னேன்.

"அப்பிடியா? என்னா தம்பி, இன்னொரு பாட்டு போட வந்தீங்களா?"

எது உங்கள் மகளின் தட்டு என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மேலே அச்சடித்த படங்கள் எல்லாம் வெயிலில் வெளுத்து ஒரே வெள்ளையாகிவிட்டன. மகள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரம்பால் ஓடி வந்தாள்.

"நீங்கள் என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"தட்டை எடுக்க."

"இப்பதான் ஞாபகம் வந்ததாக்கும்!"

திட்டிக்கொண்டே தேடினாள். ஒரு தட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்த திகதியின் மிச்சத்தைக் காட்டினாள். அதுதான். நன்றாகச் சுழலட்டும் என்று தகப்பன் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் விளிம்போரம் ஓட்டை போட்டிருந்தார். தட்டை வாங்கி ஓட்டையை விரலால் அளந்தேன். பிறகு யோசித்தேன். டிவிடியில் பதிவு உள்ளிருந்து வெளியே போகும். ஓட்டை இருப்பது படத்தின் கடைசிப் பகுதியில். அம்மா நடுவில். ஓட்டை அவரைத் தொடவில்லை. வெயில் தொட்டதா என்பதுதான் கேள்வி.

வீட்டு விறாந்தையில் லப்டொப்பை வைத்தேன். திரையின் மூலை வெடித்திருந்தது, ஆனால் தட்டுப் போடும் வாய் உள்ள பழைய சாதி. புதியவற்றில் அது கிடையாது. தட்டைச் சவர்க்காரத் தண்ணீர் தொட்ட மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன், வட்டமாகத் துடைக்கக் கூடாது. அவளுடைய போனிலிருந்து இணைப்பு வாங்கினேன். கடையின் மென்பொருள் என்னிடமும் இருந்தது. அதை அழித்துவிட்டுத் தேடினேன்.

நூறு மென்பொருள்கள் வந்தன, எல்லாவற்றிலும் 'தரம் குறையாது' என்றுதான் போட்டிருந்தது, எங்கள் பலகையைப் போலவே. எனக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். எண் தெரியும். காயப்பட்ட தட்டைச் சும்மா சுழற்றிச் சோதிக்கக் கூடாது. ஆகவே என் பையில் கிடந்த கோயில் திருவிழா டிவிடியில் முதலில் முயன்றேன்.

ஒன்று, பெரிய பச்சைப் பொத்தானோடு வந்தது, இலவசம் என்றது. மூன்றில் ஒரு பங்கு எடுத்ததும் நின்று, வங்கி அட்டை இலக்கம் கேட்டது. அழித்தேன். அடுத்தது, போனுக்கா, தொலைக்காட்சிக்கா, மிக உயர்ந்த தரமா என்று கேட்டது. மிக உயர்ந்த தரத்தை அழுத்தினேன். வந்த கோப்பு எழுநூறு எம்பி. தட்டில் இருந்ததோ நாலு ஜிபிக்குக் கிட்ட. மிச்சம் எங்கே போனது? இது எடுத்துவைக்கிற மென்பொருள் இல்லை. படத்தைக் கரைத்துத் திரும்ப வார்க்கிறது. எத்தனை தரம் வார்த்தாலும் கொஞ்சம் போகும். அதையும் அழித்தேன்.

"எத்தினையைத்தான் போட்டுப் போட்டு அழிப்பீங்கள்?" என்று அவள் கேட்டாள்.

"பொய் சொல்லாததொண்டு வரும் வரைக்கும்."

கடைசியில் ஒன்று வந்தது. திரையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அலங்காரம் எதுவும் இல்லை. எந்தத் தட்டு, எங்கே வைப்பது, எவ்வளவு வேகம், வாசிக்க முடியாவிட்டால் எத்தனை தரம் திரும்ப முயல்வது. இவ்வளவுதான் கேட்டது. தரம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருவிழாத் தட்டைக் கொடுத்தேன். தட்டில் இருந்த அளவு இலக்கத்துக்கு இலக்கம் அப்படியே கோப்பில் இருந்தது. எதையும் தொடாமல் உள்ளதை உள்ளபடி எடுத்திருக்கிறது. இதுதான் வேண்டும்.

அவளுடைய தட்டைப் போட்டு, மிகக் குறைந்த வேகத்தை வைத்தேன். ஓட்டை போட்ட தட்டு உள்ளே தடதடத்தது. குழந்தை அந்தச் சத்தத்துக்குச் சிரித்தது. முதல் கால்வாசி சுகமாகப் போனது. நூற்றுக்கு நாற்பதில் தடுமாறியது. திரும்ப வாசித்தது, திரும்ப, திரும்ப. நான் பையிலிருந்த சேட்டை நனைத்து லப்டொப்புக்குக் கீழே வைத்தேன், சூடு கூடிவிட்டது. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்று திரையில் ஏறும் இலக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்து முற்றத்து வேம்பு வரைக்கும் நிழல் வந்தபோது எழுபதைத் தாண்டியது. எண்பத்தெட்டில் ஓட்டை. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. வாசிக்க முடியாத இடங்கள் இவை என்று மென்பொருள் ஒரு பட்டியல் தந்தது. அது எங்கள் கடையில் எவரும் ஒரு நாளும் எவருக்கும் கொடுக்காத பட்டியல்.

நடுப்பகுதிக்குப் படத்தை ஓட்டினேன். மஞ்சள் சேலை வந்தது. சோற்றுத் தட்டு வந்தது.

"ஏய் தம்பி, அந்தப் பொட்டிய கீழ வச்சிட்டு வந்து ஒரு வாய் சாப்புடு. காலையிலருந்து நிக்கிற. புள்ளயும் எவ்வளவு நேரந்தான் அப்பிடியே ஒக்காந்திருக்கும்? வெயிலு மூஞ்சியில..."

அங்கே படம் ஒரு கணம் உறைந்து, ஒலி அறுந்து, அடுத்த காட்சிக்குத் தாவியது. மூன்று சொற்கள் போய்விட்டன. கடையில் நான் கேட்ட சொற்கள். அவளிடம் சொன்னேன்: "வெயிலு மூஞ்சியில அடிக்கிது, சேலையால மறைங்கடி எண்டு சொன்னவா."

அவள் தலையாட்டினாள். திரும்பப் போடச் சொன்னாள். பிறகும் திரும்ப. நாலாம் முறை போட்டபோது கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்த தகப்பன் வாளியைப் போட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. காலில் இருந்து தண்ணீர் வழிந்தது. திரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அந்த கமராக்காரப் பய கடைசி வரைக்கும் சாப்புடாமத்தான் போனான்."

நான் மனம் ஆறி எழுந்து வந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். எனக்குக் கோபம் அடங்கவில்லை. முதலாளி மேல் இருந்ததைவிட என் கை மேல் கூடுதலாக இருந்தது. நேரே வயலுக்குப் போய், வெளிச்சம் இருக்கும்போதே மிச்ச முப்பது தட்டுகளையும் கயிற்றிலிருந்து அறுத்தேன். ஒவ்வொன்றாகத் துவாயில் அடுக்கினேன். வீடு வீடாக எது எவருடையது என்று கேட்க வேண்டும். ஒவ்வொன்றையும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டி மென்பொருளால் எடுக்க வேண்டும். எத்தனை நாள் என்று கணக்கில்லை.

தகப்பன் பின்னால் வந்து நின்றார்.

"எல்லாத்தையும் கழட்டிட்டீங்க. நல்லது. நெல்லு பால் புடிச்சிருக்கு தம்பி. விடிஞ்சா கிளி வரும். ஒங்க கம்பியூட்டரா வெரட்டும்?"

"நான் விரட்டுறன்."

"கொரல் இருக்கா ஒங்களுக்கு?"

"கத்துவன்."

மறுநாள் விடியற்காலை அவர் ஒரு பால்மா ரின்னும், அதை அடிக்க ஒரு வேப்பங்குச்சியும் தந்தார். மகள் பிளாஸ்ரிக் போத்தலில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள். வரம்பில் வெறும் காலுடன் நின்றேன். வெறுங்கயிறு காற்றில் ஆடியது. கிழக்குப் பக்கத்து மரத்தில் கிளிகள் வந்து இறங்கத் தொடங்கின. ரின்னை அடித்து, தொண்டை கிழியக் கத்தினேன்.