மூன்று மாதச் சர்க்கரை

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாடை எங்கே அடித்தாலும், என் இடது கால் தானாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறது.

எட்டு வருடமாக எனக்குச் சர்க்கரை. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் புறநோயாளி அட்டை. போன லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும், உபவாசமிருந்தேன். அந்த வாரம் விரலில் குத்திப் பார்த்தபோது எண் நன்றாக இருந்தது. அழுதுவிட்டேன். செம்பாக்கத்தில் எங்கள் சபையில் மைக்கைப் பிடித்து, கர்த்தர் என்னைச் சுகமாக்கினார் என்று சாட்சி சொன்னேன். அன்றோடு மாத்திரையை விட்டேன். சாட்சி சொன்ன வாயில் மாத்திரை போடுவதெப்படி?

அதன்பிறகு ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் இரண்டு நாள் பட்டினி. எண்ணும் அடங்கி வரும். அதை உபவாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாகம். அசதி. பள்ளியில் பாடம் நடத்தும்போது, கரும்பலகையில் நான் எழுதியதே எனக்குக் கலங்கியது. ஒரு விடியலில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, எனக்குள் ஏதாவது மறைந்திருந்தால் காட்டும்." வேறு வார்த்தை வரவில்லை.

அன்றைக்கே மருத்துவமனையில் ஒரு புது டாக்டரம்மா, மூன்று மாதச் சர்க்கரை பார்க்கச் சொன்னார். நான் சாப்பிடாமல்தான் வந்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். ரத்தம் எடுத்த நர்ஸ் சிரித்தார்.

"நேத்து பட்டினி கெடந்தா இதுக்கு இன்னா டீச்சர்? இது மூணு மாசத்தையும் சொல்லிடும்."

சொல்லிவிட்டது. ஏழுக்குள் இருக்க வேண்டியது பத்தைத் தாண்டியிருந்தது.

செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். இடது செருப்பு காலோடு ஒட்டிக்கொண்டுதான் வந்தது. பள்ளி நோட்டீஸ் போர்டில் குத்தும் பின் ஒன்று, என் குதிகாலுக்குள் புதைந்து நின்றது. சுற்றிலும் சீழ்.

"இது எப்பலேர்ந்து கீது?" என்றார் நர்ஸ்.

எனக்குத் தெரியாது. வலிக்கவே இல்லை; சர்க்கரை காலின் உணர்வைத் தின்றிருந்தது. என் சதைக்குள் இரும்பு இருந்திருக்கிறது, அதன்மேல் நின்று நான் பாடியிருக்கிறேன். இன்னும் பத்து நாள் போயிருந்தால் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டரம்மா.

காட்டும் என்று கேட்டேன். காட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கட்டு. மறுபடி மாத்திரை. புண் ஆறியது, அடுத்த மூன்று மாதச் சர்க்கரை ஏழுக்கு இறங்கியது. போன ஞாயிறு அதே மைக்கில் நின்று, அன்று நான் சொன்னது அவசரச் சாட்சி என்றேன். கைதட்டல் இல்லை. ஆனாலும் சொல்லி முடித்தேன்: பிரியமானவர்களே, சுகத்தைக் கேளுங்கள், உண்மையையும் கேளுங்கள். அவர் இரண்டையும் தருகிறவர்.

ஆராதனை முடிந்து வாசலில், எங்கள் சபையின் எஸ்தர் அக்கா என் கையைப் பிடித்தார். அவருக்கும் சர்க்கரை. என் முதல் சாட்சியைக் கேட்ட அன்றே அவரும் மாத்திரையை நிறுத்திவிட்டாராம். எனக்குக் கண் நிறைந்தது. மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்து, குனிந்து பார்த்துச் சொன்னார்:

"அழாத. நாளைக்கே என்னையும் அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிகினு போ."