ஏழு முறை உருள வேண்டும்

எங்கள் வீட்டில் ஐந்து மாதம் ‘தீ’ என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. ‘நெருப்பு’ என்றும் சொல்லவில்லை. சொன்னால் என் பேத்தி தரையில் விழுந்து உருளுவாள்.

பேத்திக்கு ஆறு வயது. அவள் பள்ளிக்கு வந்த தீயணைப்புக்காரர்கள், உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது, நின்று, முகத்தைக் கையால் மூடி, படுத்து உருள வேண்டும் என்று செய்து காட்டியிருக்கிறார்கள். அன்று மாலையே கூடத்தில் எனக்கு உருண்டு காட்டினாள்.

“எத்தனை தடவை உருளோணும் கண்ணு?” என்று கேட்டேன்.

“அணையற வரைக்குமுங்க அப்பாரு.”

இது எனக்குப் பிடிக்கவில்லை. சூலூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையின் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் நூலின் முறுக்கை எண்ணியவன் நான். அங்குலத்துக்கு இத்தனை முறுக்கு என்று எழுத வேண்டும். ‘தேவையான அளவு’ என்று எழுதியிருந்தால் மேலாளர் அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பார். எண்ணிக்கை சொல்லாத வேலையைக் குழந்தை பாதியில் விட்டுவிடும். கூடத்தை அளந்து பார்த்தேன். சுவரிலிருந்து டிவி மேசை வரை அவள் ஏழு முறை உருள இடம் இருந்தது. ஆகவே ஏழு என்று முடிவு செய்தேன்.

எண் கிடைத்ததும் அவள் நிறுத்தவே இல்லை. செய்தியில் ‘தீ விபத்து’ என்றால் ஏழு. என் மகன் போனில் யாரிடமோ, “தக்காளி வெல நெருப்பா இருக்குதுங்க” என்றான். அதற்கும் ஏழு.

பல்லடத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் யாரோ, “ஐயரு நெருப்பு மூட்டியாச்சு, முன்னால வாங்க” என்று கூப்பிட்டார்கள். பேத்தி பட்டுப் பாவாடையோடு மணமேடைக்கு எதிரே விழுந்து உருள ஆரம்பித்தாள். வாயால் எண்ணிக்கொண்டே உருளுவது அவள் வழக்கம். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாள் எழுந்து கைகூப்பினாள்.

“சாமி வந்திருச்சுங்க! தாயே, எம்பொண்ணுக்கு எத்தன மாசத்துல அமையும்?”

“ஆறு,” என்றாள் பேத்தி.

“ஆறு மாசம்! கேட்டீங்களா, ஆறு மாசம்!”

“ஏழு,” என்று சொல்லிவிட்டுப் பேத்தி எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள்.

அந்த அம்மாள் பந்தி வரை பின்னாலேயே வந்து, ஆறா ஏழா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மருமகள் சொன்னாள்: “மாமா, இனிமே ஊட்டுல அந்தப் பேச்சே வேண்டாமுங்க. புள்ளையக் கூட்டிட்டு ஒரு பக்கம் போக முடியல. நீங்க ஏழுன்னு சொல்லாம இருந்திருந்தா ரெண்டோட எந்திரிச்சிருப்பா.”

அவளுக்கு ஏற்கெனவே என்மேல் வருத்தம். பேத்திக்கு எந்தப் புதுக் கவுன் வாங்கினாலும் அதன் ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி எரித்துப் பார்ப்பேன். பருத்தி என்றால் காகித வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் என்றால் உருகி உருண்டையாகிவிடும். குழந்தையின் தோலில் அப்படியே ஒட்டிக்கொள்ளும். ஏழு கவுன்களில் ஐந்து உருகின. ஓர் இழையை உருவினால் மடித்துத் தைத்த விளிம்பு மொத்தமும் பிரிந்து வந்துவிடுகிறது. அதற்கு நான் என்ன செய்ய?

அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று மருமகளுக்கு வாக்குக் கொடுத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தீக்குப் பெயர் ‘அது’. “அம்மணி, அடுப்புல அதைக் கொஞ்சம் கொறைச்சு வை” என்பேன். அவளும், “அது கொறைஞ்சுதானுங்க எரியுது” என்பாள்.

ஆனால் எனக்குள் ஒரு கவலை புகுந்துகொண்டது. உண்மையில் தீப்பிடிக்கும்போது பக்கத்தில் நின்று யாரும் ‘தீ’ என்று அறிவிக்கப் போவதில்லை. ஒருநாள் பேத்திக்கு முன்னால், எட்டி நின்று, பேசாமல் ஒரு தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினேன். அவள் ஊதி அணைத்துவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டாள். காதால் கேட்டால்தான் அவளுக்குத் தீ. கண்ணால் பார்த்தால் ஒன்றும் இல்லை. அவள் உடுப்பில் பற்றினால் என்ன செய்வாள்? இந்த யோசனையில் சிலிண்டர் வால்வைத் தினம் ஆறு முறை பார்த்துக்கொண்டிருந்தவன் ஒன்பது முறை பார்க்க ஆரம்பித்தேன்.

கார்த்திகை வந்தது. வாசல்படியிலும் காம்பவுண்டுச் சுவரிலுமாக முப்பத்து மூன்று அகல்விளக்குகள். ஐந்து வாளித் தண்ணீர் வைத்தேன். பேத்திக்குப் பருத்திப் பாவாடை. விளக்குகளிலிருந்து நான்கடி தள்ளி சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதற்குப் பின்னால் அவளை நிறுத்தினேன்.

விளக்குகளை எண்ணினேன். முப்பத்திரண்டு வந்தது. மறுபடி எண்ணினால் முப்பத்து மூன்று. மூன்றாம் முறையும் முப்பத்திரண்டு. மேல்படியில் நின்றபடி, கீழ்ப்படியின் மூலையில் ஒன்று மறைந்திருக்கிறதா என்று குனிந்தேன். ஆடுசதையில் சூடாக இருந்தது. திரும்பிப் பார்த்தால், பின்னால் இருந்த விளக்கிலிருந்து என் வேட்டி நுனி பற்றி ஒரு சாண் உயரத்துக்கு எரிந்துகொண்டிருந்தது.

மருமகள் வாசலில் முதுகைக் காட்டி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தாள். பேத்தி பக்கத்தில் நிற்கிறாள். நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

“அம்மணி, அது!” என்றேன்.

“எதுங்க மாமா?”

“அதுதான், அது!”

“வெளக்கு ஒண்ணு கொறையுதுங்களா? இருங்க, வாரேன்.”

“வெளக்கு இல்ல அம்மணி, என்ற வேட்டியில அது!”

அப்போது கோட்டுக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் கேட்டது. “அப்பாரு, ஓடாதீங்க! நில்லுங்க! மூஞ்சிய மூடிக்குங்க! படுங்க!”

யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. பேத்தி விழவில்லை, உருளவில்லை, கோட்டையும் தாண்டவில்லை. என் வேட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுபத்து நான்கு வயதில் படுப்பதற்கு நேரம் பிடிக்கிறது. படியிறங்கி வாசலில் படுத்தேன், உருண்டேன். முதல் உருளலிலேயே அணைந்துவிட்டது. பருத்தி வேட்டி, உருகி ஒட்டவில்லை. கையை ஊன்றி எழப் போனேன்.

“இன்னும் ஆறு இருக்குதுங்க.”

“அணைஞ்சு போச்சு கண்ணு.”

“ஏழுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க!”

ஊன்றிய கையை மடக்கினேன். உருண்டேன். மூன்றாவதில் கோலம் அழிந்தது. நான்காவதில் மருமகள் ஒரு வாளித் தண்ணீரைத் தலைமேல் கொட்டினாள். ஐந்தாவதில் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். ஈர வேட்டியோடு ஒருவன் விளக்குகளுக்கு நடுவே உருளுவதைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டார்.

“ஏனுங்க, வேண்டுதலுங்களா? எந்தக் கோயிலுக்குங்க?”

“ஆறு,” என்றாள் பேத்தி.

ஏழாவதில் கேட்டருகே போய்ச் சேர்ந்தேன்.

காலில் கட்டைவிரல் அளவுக்குக் காயம். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டினேன். பிறகு டாக்டர் களிம்பு கொடுத்தார். வேட்டியில் ஒன்பது அங்குலம் போய்விட்டது.

மறுநாள் காலை பேத்தி இட்லி தின்றுகொண்டிருந்தாள். மருமகள் சமையலறையில் இருந்தாள். நான் பேத்தியின் பக்கம் சாய்ந்து, “தீ” என்றேன்.

அவள் விழவில்லை. சமையலறைப் பக்கம் பார்த்தாள். மேசைக்குக் கீழே குனிந்து என் வேட்டி நுனியைப் பார்த்தாள்.

“எங்கீங்க அப்பாரு?”

“எங்கியும் இல்ல கண்ணு.”

“அம்மா,” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள், “அப்பாரு அந்த வார்த்தையச் சொல்றாருங்க!” சொல்லிவிட்டு மூன்றாவது இட்லியை எடுத்துக்கொண்டாள்.