தேதி இருந்த இடம்

என் மனைவி நெல் சாகுபடி பற்றி வலைப்பூ எழுதுகிறாள். வயலில் அன்று என்ன வேலையோ, அதுதான் பதிவு. அதன் அழகுக்கு நான்தான் பொறுப்பு என்று வலியப் போய், திறந்ததும் செல்போன் திரை முழுக்கப் பெரிய கோயில் கோபுரம் தெரிகிற மாதிரி ஒரு டெம்ப்ளேட் போட்டுக் கொடுத்திருந்தேன். நெல்லைப் பார்க்க வருகிறவர்கள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வரவேண்டுமா என்று கேலி செய்வாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

அறுப்புக்கு முன்னால் வயல் தண்ணீரை வடித்ததைப் பற்றி ஒருமுறை எழுதியிருந்தாள். மறுநாள் காலை பேராவூரணிப் பக்கமிருந்து ஒரு பெண் போன் செய்தார். முதன்முதலாகக் குத்தகைக்கு நிலம் பிடித்து, இவள் நட்ட அதே ரகத்தை நட்டிருப்பவர். பதிவைப் பார்த்துத் தானும் வடியவிட்டிருப்பதாகச் சொன்னார். கதிர் முற்றிவிட்டதா என்று இவள் கேட்டாள். இப்போதுதான் பூக்கிறது என்றார்.

அவர் ஊர் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை; அங்கே தண்ணீர் பிந்தித்தான் போகும், நடவும் பிந்தும். எங்கள் பதிவின் தலையில் இருந்ததோ தேதி மட்டும். பூக்கும்போது வயல் காய்ந்தால் மணி பிடிக்காமல் பதர்தான் மிஞ்சும்.

"உடனே மடையை அடைச்சிட்டு மோட்டாரைப் போடுங்க. நான் லைன்லயே இருக்கேன்" என்றாள்.

பயிரைப் பார்க்காமல் தேதியைப் பார்த்தால் நாம் என்ன செய்வது என்று முணுமுணுத்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மதியமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்துவிட்டாள். பழைய டெம்ப்ளேட்டைப் பத்திரமாகப் பிரதி எடுத்துவைத்தாள். ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதைச் செல்போனில் திறந்து, வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தாள். வரப்பில் நிற்பவர்கள் அப்படித்தானே படிப்பார்கள். என் கோபுரம் அடிக்கு இறங்கியது. தேதி இருந்த இடத்தில், பெரிய எழுத்தில், பயிரின் பருவம் வந்து உட்கார்ந்தது. பிறகு பழைய பதிவுகளை எல்லாம் திறந்து ஒவ்வொன்றுக்கும் பருவத்தை எழுதினாள். தட்டில் சோறு ஆறிக் கிடந்தது. முகம் தெரியாத ஒருவருக்காக ஒரு பக்கத்தை இப்படியும் செதுக்க முடியுமா என்று அசந்துபோனேன்.

அறுவடை முடிந்து அந்தப் பெண் மறுபடியும் பேசினார். மேட்டுப் பக்கம் கொஞ்சம் பதர், மற்றபடி நல்ல விளைச்சலாம். அறுப்புக்காக வடிக்கும்போது, இந்தமுறை பதிவின் மேலே இருந்த பருவத்தைப் படித்துவிட்டுத்தான் மடையில் கைவைத்தாராம்.

போனை வைத்ததும் என் மனைவியின் கண் கலங்கியிருந்தது.

"அவங்களுக்குப் பதராப் போயிருந்தா, அதோட எழுதறதையே விட்டிருப்பேன்" என்றாள்.